கடைசிக் கை

"இருக்கிறதை எண்ணத் தெரியுது, இருந்ததை எண்ணத் தெரியலையே இந்த மெஷினுக்கு!"

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியின் இரண்டாவது மாடியில், தண்ணீர்க் கேனுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அக்கா இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. காலையில் கணினி கண் விழிக்கும்போது ஒன்று. டீ வரும்போது ஒன்று. யாராவது வந்து, "அக்கா, ஸ்டேப்ளர் இருக்கா?" என்று கேட்டு வைத்தால், "இருக்கு. இருக்கிறதைத்தான் எல்லாரும் கேக்கறீங்க" என்று தொடங்கி முழுசாக ஒன்று. ஸ்டேப்ளர் கேட்டவன் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான்.

அவள் சொன்ன மெஷின், கம்பெனியின் விக்கி. கம்பெனி பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. சாவி எங்கே தொங்குகிறது, எந்த மாடியில் கதவு சிக்கும், எந்த மோட்டார் ரூமில் தலை இடிக்கும், பிரேக்கை எந்த வரிசையில் கழற்றி மாட்ட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். மெக்கானிக்குகள் போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். மெக்கானிக்குகள் எழுதினார்கள். அக்கா திருத்தினாள். "மூணாவது மாடி டோர் மக்கர். தட்டினா சரியாயிடும்" என்று ஒருவன் எழுதிவிட்டுப் போவான். எந்தக் கதவு, எந்தப் பக்கம், எதால் தட்டுவது என்று அவனுக்கு நாலு தடவை போன் போட்டு, அந்த ஒரு வரியை ஆறு வரியாக்கி வைப்பாள். பதினோரு வருஷமாக இதுதான் வேலை.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கடைசியாகத் திருத்தியவர்' என்று ஒரு பெயர் தானாக வந்து நிற்கும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது அக்கா பெயராகவே இருந்ததால், முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் 'கடைசிக் கை' என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். "முதல் கை நீங்களா இருந்தா கடைசிக் கை ஒண்ணு வேணும்ல?" என்பாள்.

புதிதாக வந்த மேனேஜர் ஒரு நட்சத்திரப் பலகை மாட்டினார். அவருக்கு வாயைத் திறந்தால் ஒரே வரிதான்: "பாசிட்டிவ்வா பார்ப்போம்." லிஃப்ட் அறுந்து விழுந்தாலும், "பாசிட்டிவ்வா பார்ப்போம், கீழதான வந்திருக்கு" என்பார் போல ஒரு முகம். விக்கியின் முகப்பில் 'உள்ளடக்கப் பக்கங்கள்: 612' என்று ஓர் எண் இருக்கிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டார். யார் எத்தனை பக்கம் தொடங்கினார்களோ அவர்களுக்கு அத்தனை நட்சத்திரம். கதவை ஒரு போட்டோ எடுத்துப் போட்டு, கீழே "டோர்" என்று எழுதிய மெக்கானிக்குக்கு எழுபது நட்சத்திரம். அக்காவுக்கு எட்டு. உண்மையில் அவள் தொடங்கியது ஒன்பது. அந்த ஒன்பதாவது, எச்சரிக்கைகளை மட்டும் தொகுத்த மிக நீளமான பக்கம். அதில் வேறு பக்கத்துக்கு ஒரு இணைப்புகூட இல்லாததால் மெஷின் அதைப் பக்கமாகவே சேர்க்கவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் புலம்பல் பிறந்தது. ஆறு மாதம் ஓயவில்லை.

கடைசியில் அவள் விட்ட வாய்தான் வினையானது. மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள். "சார், இப்ப இருக்கிற பக்கத்தை மட்டும் எண்ணாதீங்க. ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் பழைய பக்கம் அப்படியே உள்ள இருக்கு. அதையும் எண்ணிப் பாருங்க. யாரு வேலை பார்த்தாங்கன்னு தெரியும்."

மேனேஜர் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார். அவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர். 'அதாவது' இல்லாமல் மூச்சு விட மாட்டார்.

"அதாவது சார், அக்கா சொல்றது சரி. அதாவது, ஒரு கமா மாத்தினாலும் பக்கம் மொத்தமும் இன்னொரு பிரதியா சேரும். மொத்தத் திருத்தம் முப்பத்தோராயிரத்து நானூத்தி ஆறு. அதாவது, இப்ப இருக்கிற பக்கங்களோட எடை இருபது எம்பி. பழைய பதிப்புகளோட எடை ஒன்றரை ஜிபி."

அக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நூத்துக்கு ஒண்ணரை பங்குதான் உபயோகமா? மிச்சமெல்லாம் பழைய குப்பையா? புது சர்வர்ல நமக்கு இருநூறு எம்பிதான் இடம்! பாசிட்டிவ்வா பார்ப்போம். கடைசிப் பதிப்பை மட்டும் வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் துடைச்சிடுங்க."

கூட்டம் கலைந்தது. அக்கா மட்டும் நாற்காலியை நகர்த்தவில்லை. பதினோரு வருஷத்தைத் தட்டில் வைத்துக் காட்டினாள். அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, கடைசிப் பதிப்பு மட்டும்தான நிக்கப் போகுது. எல்லாப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன், பிழை இல்லாம." அக்காவுக்கு அதில் ஒரு வீம்பு வந்தது. நிற்கப் போவது ஒன்றுதான் என்றால் அந்த ஒன்று பளிச்சென்று நிற்கட்டும். இரண்டு வாரம், 612 பக்கம். ஒற்று விட்ட இடத்தில் ஒற்று போட்டாள், புள்ளி விட்ட இடத்தில் புள்ளி வைத்தாள். கண் எழுத்திலேயே ஓடியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பக்கம் முடிந்தது. சனி, ஞாயிறில் கம்ப்யூட்டர்காரர் பழைய பதிப்புகளை அழித்து, மிச்சத்தைப் புது இடத்துக்கு மாற்றி, பழைய சர்வர் பெட்டியையும் துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் பிரேக்கைக் கழற்றும்போது கயிறு சுற்றும் சக்கரம் நகர்ந்து, மெக்கானிக்கின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மெக்கானிக், அக்காவின் தங்கை புருஷன். டயர் கடையில் இருந்தவரை அவள்தான் சொல்லி வைத்து எட்டு மாதம் முன்னால் இங்கே சேர்த்துவிட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர் கை, துணி சுற்றிய பந்து மாதிரி தலையணை மேல் கிடந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க மாப்பிள்ளை, படுங்க."

"விக்கி பக்கத்துல போட்டிருந்த மாதிரியேதான் செஞ்சேன் அண்ணி. முதல்ல பிரேக் ஸ்பிரிங்கைத் தளர்த்துன்னு இருந்துச்சு. மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டுறது மூணாவதா இருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. கீழ உங்க பேரைப் பார்த்தேன். அண்ணி பார்த்த பக்கமாச்சே, அப்புறம் நமக்கென்ன யோசனைன்னு..."

அவர் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

வராந்தாவில் தங்கை நின்றிருந்தாள். அழுது முடித்து முகம் காய்ந்திருந்தது.

"அக்கா, சுத்தி வளைக்காத. அந்த வரியை நீ எழுதினியா?"

"இல்லடி. சத்தியமா இல்ல."

"அப்ப யாரு?"

"ஃபோர்மேன். ரெண்டு மாசம் முன்னாடி அந்தப் பக்கத்துல அவர் பேரைப் பார்த்தேன்."

"காட்டு."

அக்கா போனில் பக்கத்தைத் திறந்தாள். பழைய பதிப்புகள் என்ற இடத்தைத் தொட்டாள். முன்பெல்லாம் விரல் வலிக்கத் தள்ளினாலும் முடியாத நீளப் பட்டியல் அது. இப்போது ஒரே ஒரு வரி: வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து பத்து, அக்காவின் பெயர். பக்கத்தையே அவள்தான் பெற்றுப் போட்டது மாதிரி.

தங்கை போனையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். "ஒண்ணுதான் இருக்கு. உன் பேருதான் இருக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஒரே வீடு. கீழே தங்கை குடும்பம், மேலே ஒற்றை அறையில் அக்கா. தினமும் சாப்பாட்டு நேரத்தில், "அக்கா, ஆறிடும் வா!" என்று கீழே இருந்து ஒரு குரல் தெருமுனை வரை கேட்கும். அன்றையிலிருந்து குரல் இல்லை. மாடிப்படியின் முதல் படியில் மூடி வைத்த தட்டு ஒன்று மட்டும் இருந்தது. வெறுப்பாக இருந்தாலும் பட்டினி போட மனசு வராத தட்டு. அக்கா அதை எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

மெக்கானிக்குகளை மேய்க்கும் ஃபோர்மேனின் பெயரை விக்கியில் பார்த்த அந்த நாள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷத்தில் கம்ப்யூட்டர் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனுஷர். சிரிப்பு வந்து, டீ நேரத்தில் அவரைக் கிண்டல் செய்தாள்: "என்ன ஃபோர்மேன், நீங்களும் எழுத்தாளர் ஆயிட்டீங்களா?"

"அட போக்கா. சுவிட்ச் தரைத்தளத்துல, மோட்டார் ரூம் உச்சியில. அதை முதல்ல அணைச்சா லிஃப்ட் ஓடாது, அத்தனை மாடியும் நடந்து ஏற என் முட்டி என்ன ரப்பரா? வரிசையைக் கொஞ்சம் சரி பண்ணிவிட்டேன்" என்றார் அவர்.

போய் என்னவென்று பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் போன் அடித்தது. பார்க்கவில்லை. எழுந்தாலும் அதுதான், படுத்தாலும் அதுதான்.

ஐந்தாம் நாள் விசாரணை. லிஃப்ட் ஆய்வாளர் ஓர் ஒல்லியான அம்மாள். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அது தவிரச் சத்தம் இல்லை. கூட்ட அறையில் மேனேஜர், ஃபோர்மேன், கம்ப்யூட்டர்காரர், அக்கா.

"பக்கத்தோட பழைய பதிப்பு?"

"அதாவது மேடம், இல்லைங்க. துடைச்சாச்சு."

"யார் சொல்லி?"

கம்ப்யூட்டர்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார். பாசிட்டிவ்வாக அங்கே ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

"வரிசையை மாத்தினது நீங்கன்னு இவங்க சொல்றாங்க" என்றார் ஆய்வாளர் ஃபோர்மேனிடம்.

ஃபோர்மேன் எண்ணெய்க் கறை ஏறிய இரண்டு கையையும் மேஜை மேல் விரித்துக் காட்டினார். "மேடம், இந்தக் கையைப் பாருங்க. இது ஸ்பேனர் பிடிச்ச கை. விக்கி கிக்கியெல்லாம் அக்கா டிபார்ட்மென்ட். நான் அதுல ஒரு எழுத்து தட்டினது கிடையாது. எம் பிள்ளைங்க மேல ஆணையா சொல்றேன்."

அக்காவுக்குக் காது சுட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தாள்.

"தம்பி, ஆளுக்கு எத்தனை திருத்தம்னு ஒரு பட்டியல் வருமே. அது இன்னும் வருதா?"

கம்ப்யூட்டர்காரர் மடிக்கணினியைத் தட்டினார். தட்டிக்கொண்டே புருவம் உயர்ந்தது. "அதாவது... வருதுக்கா. பதிப்பை அழிச்சாலும் எண்ணிக்கை குறையலை. அதாவது, எண்ணிக்கை தனி இடத்துல இருக்கும். முதல்லேருந்து திரும்ப எண்ணச் சொன்னாத்தான் அது மாறும்."

"அப்ப திரும்ப எண்ணச் சொல்லிடலாமே, சுத்தமா இருக்கும்" என்றார் மேனேஜர் அவசரமாக.

"கீபோர்டுலேருந்து கையை எடுங்க" என்றார் ஆய்வாளர் கம்ப்யூட்டர்காரரிடம். பேனா மூடி டக்கென்று மேஜையில் விழுந்தது. "படிங்க."

மொத்தத் திருத்தம் 31,406 என்று இருந்த எண், இரண்டு வார வேலையில் 32,018 ஆகியிருந்தது. உள்ளே இருந்த பதிப்புகள் வெறும் 612. அக்கா பெயரில் 29,870. அப்புறம் மெக்கானிக்குகள், நூறும் இருநூறுமாக. பட்டியலின் கடைசி வரி ஃபோர்மேன். அவர் பெயருக்கு நேரே 1.

ஆறு மாதமாக எந்த மெஷினுக்கு இருந்ததை எண்ணத் தெரியவில்லை என்று திட்டினாளோ, அந்த மெஷின் இருந்ததன் எண்ணிக்கையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. எண்ணப்பட்ட பதிப்புகள்தான் இல்லை.

ஃபோர்மேன் மெதுவாகக் கையை மடக்கி மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். "ஒண்ணா... அது ஏதாவது விரல் பட்டிருக்கும் மேடம். ஏதாவது வேற பக்கமா இருக்கும்."

"எந்தப் பக்கம்னு சொல்ல முடியுமா?"

"அதாவது, முடியாதுங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்துல என்ன மாத்தினீங்க?"

அக்காவுக்கு அது அழியாமல் நினைவிருந்தது. "ஒரு ஒற்று சேர்த்தேன் மேடம். 'தளர்தவும்'னு இருந்துச்சு. 'தளர்த்தவும்'னு மாத்தினேன்."

"எந்த வரியில?"

"...அதே வரியிலதான்."

"வரியைப் படிக்கலையா?"

தண்ணீர் குடித்தாள். இல்லை, அப்போது வரிசை மாறியிருக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் மறுக்க ஒரு பதிப்பும் கிடையாது. துடைத்தவர்கள் அவளுக்கும் சேர்த்தேதான் துடைத்திருந்தார்கள்.

"எழுத்தைப் பார்த்தேன் மேடம். வரியைப் பார்க்கலை."

ஒரு வாரத்தில் கம்பெனியின் எழுத்து விளக்கம் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் அக்கா படியில் நின்று தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்று என்ற எண்ணைச் சொன்னாள். தங்கையின் முகம் லேசாக இளகியது. "அப்ப நீ இல்லதானே?" என்றாள்.

"வரியை எழுதினது நான் இல்ல. பார்த்துட்டு விட்டது நான்தான்."

தங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் மறுநாள் தட்டு முதல் படியில் இல்லை. இரண்டு படி மேலே வந்திருந்தது. அறை வாசலுக்கு இன்னும் பதினோரு படி இருந்தது.

விளக்கத்தை மேனேஜர் சொல்லச் சொல்ல டைப் அடித்ததும் அக்காதான். கம்பெனியில் வேகமாக அடிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. திங்கட்கிழமை அடித்ததில், 'பழைய பதிப்புகளை நீக்கியது நிர்வாகத்தின் முடிவு; ஃபோர்மேன் பெயரில் ஒரு திருத்தம் பதிவாகியுள்ளது' என்று இருந்தது. புதன்கிழமை நிர்வாகத்தின் முடிவு போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஃபோர்மேனும் போய்விட்டார். மிஞ்சியது ஒரே வரி: 'பக்கத்தைக் கடைசியாகத் திருத்திய ஊழியர் தம் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறார்.' அதன் கீழே, கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஆய்வாளர் கீழே வந்துவிட்டார் என்று வரவேற்பிலிருந்து போன் வந்தது. மேனேஜர் பேனாவை நீட்டினார். முதல் இரண்டு தாளும் அவருடைய இன்னொரு கையில், கிழிப்பதற்குத் தோதாக மடித்து, தயாராக இருந்தன. ஓரமாக நின்ற ஃபோர்மேன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாசிட்டிவ்வா பாருங்க அக்கா. ஒரே ஒரு கையெழுத்து. வேலை போகாது, வேற சீட்டுக்கு மாத்திடறோம். போடலைன்னா, அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

அக்கா பேனாவை வாங்கினாள். மூடியைத் திறக்கவில்லை.

"சார், இதை நீங்க மூணு விதமா சொன்னீங்க, மூணையும் அடிச்சது நான். மூணையும் ஒண்ணா பின் பண்ணிக் குடுங்க, மூணுலயும் கையெழுத்து போடறேன். நான் பார்க்காம விட்டதையும் என் கையாலேயே நாலாவதா எழுதித் தர்றேன், அதுக்காக வேலை போனாலும் போகட்டும். ஆனா அந்த ரெண்டையும் கிழிச்சிட்டு இதை மட்டும் நீட்டாதீங்க. ஒரு தடவை கடைசியை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் துடைச்சீங்க, எங்க வீட்டுத் தட்டு இன்னும் படி ஏறி முடியலை. இன்னொரு தடவை கடைசிக் கையா இருக்கறதுக்கு வேற கையைப் பாருங்க. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு கையில ரெண்டு விரல் குறையுது."